யாரிடம் எந்தக் கேள்வி

2021 ஆகஸ்ட் 31 அன்று டோக்கியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதல் நடந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். 1.88 தாண்டிய அமெரிக்கர் சாம் கிரூவுக்குத் தங்கம். போட்டி முடிந்து செய்தியாளர்களிடம் பேசும்போது மாரியப்பன் தன் சாக்ஸைப் பற்றிச் சொன்னார். முதலில் தூறலாக இருந்த மழை 1.80 மீட்டருக்குப் பிறகு வலுத்ததாம். பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துபோய், தாண்டுவதே சிரமமாகிவிட்டதாம்.

பேட்டி எடுப்பவருக்கு அந்த சாக்ஸ் பெரிய பரிசு. ‘வெள்ளி வென்றதை எப்படி உணர்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘சந்தோஷமா இருக்கு’ என்ற பதில் வரும். அது வரும் என்பது கேட்கும்போதே தெரியும். மழை எந்த உயரத்தில் வலுத்தது, ஓடிவரும் தளம் எப்படி இருந்தது, எந்தக் கால் பிடி கொடுக்கவில்லை என்று கேட்டால்தான் சாக்ஸ் வெளியே வரும். அப்படிக் கேட்பதற்குச் சில விவரங்கள் கைவசம் இருக்க வேண்டும். ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் சிதைந்தது. 2016 ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். ரியோவில் அவர் போட்டியிட்ட உடற்குறைப் பிரிவு டி42, பிந்தைய இரண்டிலும் டி63. எல்லாம் ஒரு துண்டுச்சீட்டில் அடங்கும். அந்தத் துண்டுச்சீட்டோடு வருகிறவரிடம் வீரர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

சேலம், நாமக்கல் வட்டாரச் செய்தியாளர் ஒரே நாளில் மூன்று விதமான மனிதர்களைச் சந்திக்கிறார். காலையில் சேலம் நெடுஞ்சாலை நகர் வீட்டு வாசலில் முன்னாள் முதல்வர் எடப்பாடி பழனிசாமி. நண்பகலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வந்த மூதாட்டி. மாலையில் கோழிப்பண்ணையாளர் சங்கத் தலைவர். மூவர் முன்னாலும் நீட்டுவது அதே லோகோ மைக்தான். கேள்வியும் அதேபோல ஒன்றாக இருந்துவிடக் கூடாது. எதிரில் இருப்பவரின் அதிகாரத்துக்குத் தக்கபடி கேள்வி கடினமாக வேண்டும். அதிகாரமே இல்லாதவரிடம் கேள்வி இளக வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பெரிய பதவியில் இருப்பவரிடம் ‘சார், ஒரே ஒரு பைட்’ என்று குழைகிற குரல், மனு கொடுக்க வந்தவரிடம் ‘கேமராவப் பாத்துச் சொல்லும்மா, அழாம சொல்லு’ என்று அதட்டுகிறது. இந்த வழக்கத்தைத் திருப்பிப் போடத்தான் இந்த அத்தியாயம்.

ஊடகத்துக்குப் பழகாதவர்களிடமிருந்து தொடங்கலாம். ரியோ பதக்கத்துக்குப் பிறகு பெரியவடகம்பட்டிக்கும், ஆஸ்திரேலியத் தொடருக்குப் பிறகு கிரிக்கெட் வீரர் டி. நடராஜனின் சின்னப்பம்பட்டிக்கும் கேமராக்கள் திரண்டு போயின. காய்கறி விற்று மகனை வளர்த்த தாய்க்கும், மகன் பந்து வீசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கும் மைக் என்பது பழகாத பொருள். அத்தகைய வீட்டுக்குள் நுழைந்ததும் கேமராவை ஓடவிடுவது தவறு. முதல் பத்து நிமிடம் மைக் பைக்குள்ளேயே இருக்கட்டும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும். எந்த ஊடகம், எப்போது ஒளிபரப்பாகும், எதைக் கேட்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கடைசித் தகவலைச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

கொங்குப் பேச்சில் ‘ங்க’ சேராத வாக்கியம் பாதி அவமரியாதை. வயதில் சிறிய தறித் தொழிலாளியிடமும் ‘சொல்லுங்க, எத்தன வருசமா ஓட்டறீங்க?’ என்று கேட்பதே இந்த மண்ணின் முறை. மைக் பிடித்ததும் ஒருமைக்கு இறங்குவது, பதில் வராதபோது கேட்பவரே பதிலை எடுத்துக் கொடுத்து ‘ஆமாங்க’ வாங்கிக்கொள்வது, இரண்டும் பேட்டியைக் கெடுக்கும். ‘ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாம்மா?’ என்ற கேள்வியில் தகவலுக்கு இடமே இல்லை. ‘பையன் பயிற்சிக்குப் போக பஸ்ஸுக்குக் காசு யார் கொடுத்தாங்க?’ என்று கேட்டால் ஒரு குடும்பத்தின் பொருளாதாரமே வெளியே வரும்.

மொழியைப் பொறுத்தவரை டி. நடராஜன் நல்ல எடுத்துக்காட்டு. சின்னப்பம்பட்டியில் பிறந்த அவர் 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் போட்டியிலும், இரண்டு நாள் கழித்து டி20-யிலும், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர். அந்த டி20 தொடரின்போது முரளி கார்த்திக் அவரிடம் தமிழிலேயே பேட்டி எடுத்தார். கேட்பவரும் இடக்கைப் பந்துவீச்சாளர், கேட்கப்படுபவரும் இடக்கைப் பந்துவீச்சாளர், பேசுவது இருவருக்கும் வாகான மொழி. ஒரு விளையாட்டு வீரரைத் தெரியாத மொழியில் திணறவிட்டு, அந்தத் திணறலையே ‘எளிமை’ என்று பாராட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். எந்த மொழியில் அவருக்கு யார்க்கரைப் பற்றி நுணுக்கமாகப் பேச வருமோ, அந்த மொழியே பேட்டியின் மொழி. எழுதும்போதும் அப்படித்தான்: ‘பந்து கையவிட்டு நல்லா போச்சு’ என்று ஒரு வீரர் சொன்னதை ‘சிறப்பான செயல்திறனை வெளிப்படுத்தினேன்’ என்று மாற்றினால், பேசிய ஆள் அந்த வரியிலிருந்து காணாமல் போய்விடுகிறார்.

இடத்தையும் யோசிக்க வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. உடனே ‘ஒரு அஞ்சு நிமிசம் தறிய நிறுத்துங்க’ என்று சொல்லத் தோன்றும். நெய்த அளவுக்குக் கூலி வாங்கும் ஒருவரிடம் அப்படிச் சொல்வது, கூலியை நிறுத்தச் சொல்வதுதான். ஷிப்டு மாறும் நேரம் தெரிந்துகொண்டு போகலாம். டீக்கடைக்கு வரும்போது பேசலாம். ஓடும் தறியின் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொண்டால் தொகுப்பில் பயன்படும்.

நாமக்கல் கோழிப்பண்ணைகளில் வேறு கட்டுப்பாடு. வாசலில் வாகனத்துக்கு மருந்து தெளிப்பார்கள், கால்களை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டே உள்ளே விடுவார்கள். நோய் ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குச் செருப்பில் ஒட்டிக்கொண்டும் போகும் என்பதால், காலையில் ஒரு பண்ணை, மதியம் இன்னொரு பண்ணை என்று நுழைவது பொறுப்பற்ற செயல். பறவைக் காய்ச்சல் பேச்சு அடிபடும் நாட்களில் அறவே கூடாது. கூண்டுக்கு நேரே பளிச்சென்று விளக்கு போட்டால் முட்டைக் கோழிகள் மிரண்டு அடித்துக்கொள்ளும். ஷெட்டுக்கு வெளியே, தீவனக் கிடங்கு நிழலில் நாற்காலி போட்டுப் பேசுவதே எல்லோருக்கும் நல்லது.

இனி, தொழில் தெரிந்த விருந்தினர். முட்டைக் கொள்முதல் விலை இத்தனை காசு ஏறியது, இறங்கியது என்ற செய்தி நாமக்கல்லிலிருந்து அடிக்கடி வருகிறது. அறிவிக்கப்படும் விலையை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பும் நிருபருக்குப் பாதிச் செய்திதான் கிடைத்திருக்கிறது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலைக்கும், வியாபாரி பண்ணையில் வந்து உண்மையில் கொடுக்கும் விலைக்கும் இடையே ஒரு கழிவு இருப்பதுண்டு. பண்ணையாளர்கள் அதை ‘மைனஸ்’ என்கிறார்கள். ‘இன்னைக்கு மைனஸ் எவ்வளவுங்க?’ என்ற ஒரு கேள்வி போதும், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். தொடர்ந்து மக்காச்சோளம் மூட்டை என்ன விலை, சோயா என்ன விலை, ஒரு முட்டைக்குத் தீவனச் செலவு மட்டும் எவ்வளவு என்று போகலாம். சங்கத் தலைவர் தகவலும் தருவார், தன் தரப்புக்காக வாதமும் செய்வார். ஆகவே, சில ஆயிரம் கோழி மட்டும் வைத்திருக்கும் சிறு பண்ணையாளரிடமும், முட்டை பொறுக்கும் கூலித் தொழிலாளியிடமும் அதே கேள்விகளைக் கேட்டுவிட்டே எழுத உட்கார வேண்டும்.

லாரித் தொழிலுக்கும் இதே விதிதான். தென்மண்டல எல்பிஜி டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்தின் தலைமையிடம் நாமக்கல். 2025 மார்ச் கடைசியில் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைத் தென் மாநிலங்கள் முழுக்கக் கவனித்தன. அப்படிப்பட்ட நாளில் சங்கத்திடம் எத்தனை வண்டி நிற்கிறது என்று கேட்டால் ஓர் எண் வரும், எண்ணெய் நிறுவனத்திடம் கேட்டால் வேறோர் எண் வரும். இரண்டையும் வாங்கிவிட்டு, பட்டறையிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் நேரில் போய்ப் பார்ப்பதுதான் செய்தியாளரின் வேலை. டிரைவரிடம் பேசாத லாரிச் செய்தி முழுமையாகாது.

அதிகாரத்தில் இருப்பவரிடம் வருவோம். அரசியல் தலைவர் பேட்டி கொடுப்பதில் கைதேர்ந்தவர். எந்தக் கேள்விக்கும் தான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகத் தெரிந்தவர். அவரிடம் முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விதான் முக்கியம். அந்த இரண்டாவது கேள்வி வீட்டிலேயே தயாராகியிருக்க வேண்டும்.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்பாளர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டை நினைத்துப் பார்க்கலாம். 13 பேர் உயிரிழந்தார்கள். எடப்பாடியைச் சொந்தத் தொகுதியாகக் கொண்ட பழனிசாமி அப்போது முதல்வர். சம்பவத்தைத் தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக அவர் செய்தியாளர்களிடம் சொன்னார். காவல்துறையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. அவ்வளவு கனமான பதில் வந்து விழும் நேரத்தில், எழுதி வைத்திருந்த அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. உளவுத்துறையிலிருந்து முதல் தகவல் எத்தனை மணிக்கு வந்தது, டிஜிபியோடு எப்போது பேசினீர்கள், தலைமைச் செயலாளர் என்ன சொன்னார் என்று நேரத்தையும் பதவியையும் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை இதே இடத்துக்குத்தான் வந்தது. உயர் அதிகாரிகள் முதல்வருக்கு உடனுக்குடன் நிலவரத்தைத் தெரிவித்துவந்தார்கள், டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னது தவறு என்று அது பதிவு செய்தது. எந்தக் கட்சி முதல்வராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அது.

பத்து மைக்குகள் நீளும் செய்தியாளர் சந்திப்பில் இதற்கு ஓர் ஒற்றுமை வேண்டும். சக நிருபர் கேட்ட கேள்விக்குத் தலைவர் பதில் சொல்லாமல் நழுவினால், பக்கத்தில் இருப்பவர் தன் கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கேள்வியையே திரும்பக் கேட்க வேண்டும். அவரவர் தங்கள் கேள்வியைப் பதிவு செய்தால் போதும் என்று அவசரப்படுவது நழுவுகிறவருக்குத்தான் வசதி.

தயாரிப்பின் வலிமைக்கு 1977-இல் டேவிட் ஃப்ரோஸ்ட் எடுத்த, அமெரிக்க முன்னாள் அதிபர் ரிச்சர்ட் நிக்சனின் பேட்டியை உலகெங்கும் இன்னும் பாடமாக வைத்திருக்கிறார்கள். 28 மணி நேரத்துக்கு மேல் ஓடிய பதிவு. ஃப்ரோஸ்டின் ஆய்வாளர்களில் ஒருவரான ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர், அதுவரை வெளியில் யாரும் எடுத்துக் காட்டாத ஒரு உரையாடல் பதிவின் எழுத்து வடிவத்தை நீதிமன்ற ஆவணங்களில் தேடிக் கண்டுபிடித்தார். வாட்டர்கேட் பகுதியில் நிக்சன் தடுமாறியதற்கு அந்தக் காகிதம் ஒரு முக்கியக் காரணம். மாவட்ட நிருபருக்கு நிக்சன் கிடைக்கமாட்டார். ஆனால் மாநகராட்சித் தீர்மான நகலும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதிலும் கிடைக்கும். ‘சொல்கிறார்களே’ என்று தொடங்கும் கேள்வியை மறுத்துவிடுவது சுலபம். தேதியும் எண்ணும் போட்ட காகிதத்தை மறுப்பது கடினம்.

காகிதம் விருந்தினர் கையிலும் இருக்கலாம். 1971-இல் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர், சீதை உருவங்கள் அவமதிக்கப்பட்டதாக ரஜினிகாந்த் 2020 ஜனவரி 14 அன்று துக்ளக் ஆண்டு விழாவில் பேசினார், அது பெரும் சர்ச்சையானது. ஒரு வாரம் கழித்து போயஸ் தோட்ட வீட்டு வாசலில் செய்தியாளர்களைச் சந்தித்தவர், அவுட்லுக் இதழின் நகலைக் காட்டி, மன்னிப்பு கேட்க முடியாது என்றார். அந்த நகல் 2017-இல் வந்த கட்டுரை. நிகழ்ச்சிக்கு 46 ஆண்டுகள் பிந்தியது. இத்தகைய இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 1971-இல் வந்த பத்திரிகை எது, என்ன எழுதியது? பதிலைத் தேடி நூலகத்துக்குப் போகலாம். அன்று ஊர்வலத்தில் நடந்தவர்கள், எதிர்த்துக் கறுப்புக் கொடி பிடித்தவர்கள் என இரு தரப்பையும் தேடிப் பிடிக்கலாம். இவ்வளவு பழைய நினைவைக் கேட்கும்போது ஒவ்வொரு விவரத்துக்கும் ‘நேரில் பார்த்தீர்களா, பிறர் சொல்லிக் கேட்டீர்களா?’ என்று பிரித்துக் கேட்க வேண்டும். பெரியவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் அவர்களே நின்று யோசிப்பார்கள்.

பேச மறுப்பதும் ஒருவரின் உரிமை. எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010-இல் வெளிவந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளிக்கும்வரை ஊடகங்களிடமிருந்து ஒதுங்கியே இருந்தார். அப்படி ஒதுங்கியிருப்பவரின் வீட்டு வாசலில் கேமராவோடு காத்துக் கிடப்பது இதழியல் ஆகாது. அந்த ஒன்றரை ஆண்டில் பேட்டி எடுக்க வேண்டிய வேறு ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள்: பேச்சுவார்த்தைக்கு அழைத்த அதிகாரிகள், நூலை எதிர்த்தவர்கள், பதிப்பாளர், வழக்கறிஞர்கள். எழுத்தாளர் பிறகு பேச வந்தபோது, தனக்குள் ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். எழுத்தாளரைப் பேட்டி காணப் போகிறவர் நூலை முழுக்கப் படித்திருக்க வேண்டும். படிக்க நேரமில்லை என்றால் பேட்டியைத் தள்ளி வைக்கலாம்.

சில எல்லைகளைச் சட்டமும் நெறிமுறையுமே வகுத்திருக்கின்றன. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், முகவரி, பள்ளி, பெற்றோர் விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு. மீறினால் ஓராண்டு வரை சிறை. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலையும் தெருவையும் காட்டுவதும் அடையாளம் காட்டுவதுதான். தொலைபேசியில் பேசுவதைப் பேசுபவருக்குத் தெரியாமல் பதிவு செய்யக் கூடாது என்பது பிரஸ் கவுன்சில் நெறிமுறை. சட்ட நடவடிக்கையில் செய்தியாளர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியபோதோ, வேறு வலுவான காரணம் இருக்கும்போதோ அது விலக்குத் தருகிறது.

இந்த வட்டாரத்தின் மிகக் கடினமான பேட்டி எது என்று கேட்டால், கோகுல்ராஜ் வழக்கில் வந்த பேட்டியைத்தான் சொல்ல வேண்டும். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. முதன்மைக் குற்றவாளியாகத் தேடப்பட்ட யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை வெளியிட்டார். ஒரு செய்தித் தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். அக்டோபரில் நாமக்கல்லில் சரணடைந்தார்.

தேடப்படுகிறவரைப் பேட்டி எடுக்கலாமா? எடுக்கலாம், சில நிபந்தனைகளோடு. அவர் நிபந்தனை போட்டால் ஏற்கக் கூடாது; கேள்விகளை முன்கூட்டி அனுப்பக் கூடாது. சாதிப் பெருமை பேச அந்த நேரம் மேடையாகிவிடக் கூடாது. அன்று எங்கே இருந்தீர்கள், யாரோடு, எந்த வண்டியில் என்ற கேள்விகளிலேயே பேட்டி நிற்க வேண்டும். கொல்லப்பட்டவரைப் பற்றியோ அவரோடு இருந்தவரைப் பற்றியோ அவதூறு வந்தால் அந்த இடத்திலேயே மறுக்க வேண்டும், ஒளிபரப்பில் வெட்ட வேண்டும். மகனை இழந்த தாயின் குரல் அதே நிகழ்ச்சியில், அதே அளவு நேரத்துக்கு வர வேண்டும். இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அந்தப் பேட்டியை ஒளிபரப்பாமல் இருப்பதே மேல்.

அந்தத் தொலைக்காட்சிப் பேட்டி வழக்கில் சான்றாகவும் வந்தது. ஒளிபரப்பான பேட்டி ஒன்று பிறகு நீதிமன்ற ஆவணமாகலாம் என்பதைச் செய்தியாளர் மைக்கை நீட்டும்போதே நினைவில் வைத்திருக்க வேண்டும். வெட்டித் தொகுத்த வடிவம் மட்டும் இருந்தால் ‘சூழலிலிருந்து பிடுங்கிப் போட்டார்கள்’ என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாது. எனவே முழுப் பதிவும், எடுத்த கருவியின் விவரமும், தேதியும் நேரமும் பத்திரமாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். பதிவான அன்றே கோப்பை நகலெடுத்து, அசலைத் தொடாமல் தனியே வைத்துவிட்டால் இது சிரமமில்லை. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று மூன்றாம் மாதமே பழைய பேட்டிகளை அழித்துவிடுவது பகுதிநேர நிருபர்களிடம் அதிகம். கோகுல்ராஜ் கொலை நடந்தது 2015-இல். மதுரை சிறப்பு நீதிமன்றம் தண்டனை விதித்தது 2022 மார்ச்சில். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 ஜூனில். ஆக, ஒரு பேட்டியின் அசல் பதிவைக் குறைந்தது எட்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.